மனு கொடுத்தவருக்கு யார் பதில் சொல்வது?

2025 ஆகஸ்ட் மாதக் கடைசியில் சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்தில் வைகை ஆற்றில் காகிதங்கள் மிதந்தன. எடுத்துப் பார்த்தால், ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாமில் மக்கள் கொடுத்த மனுக்கள். பட்டா மாறுதல் கேட்டவர்களின் பெயரும் ஊரும் தண்ணீரில் ஊறிக் கிடந்தன. செய்தி வெளியானதும் வட்டாட்சியர் இடமாற்றம் செய்யப்பட்டார், ஊழியர்கள் மீது நடவடிக்கை வந்தது. அவை அசலா நகலா, முடிந்த மனுக்களா முடியாதவையா என்றெல்லாம் விவாதம் நடந்தது. மனு கொடுத்தவர்களுக்கு அந்த விவாதத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

இதே வைகையில்தான் திருஞானசம்பந்தர் இட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்துத் திருவேடகம் வரை போனது என்பது புராணம். அரசை நம்பிக் கொடுத்த ஏடுகள் ஆற்றின் போக்கிலேயே போய்விட்டன.

அரசின் மீதும் ஆள்பவர்கள் மீதும் நம்பிக்கை குறைகிறது என்று பேச ஆரம்பித்தால் ஊழல், கட்சித் தாவல், நிறைவேறாத வாக்குறுதி என்று பேச்சு மேல்மட்டத்திலேயே சுற்றிவரும். ஆனால், சாதாரண மனிதர் அரசைச் சந்திக்கும் இடம் கோட்டை இல்லை. தாலுகா ஆபீஸ் வராந்தாவிலும் காவல் நிலைய பெஞ்சிலும் ஊராட்சி அலுவலக வாசலிலும்தான் அவர் அரசைப் பார்க்கிறார். அங்கே அவருக்கு இருப்பது ஒரே கேள்வி: “நான் கொடுத்த மனு என்ன ஆச்சு?” ‘முடியாது’ என்ற பதிலைக்கூட மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். பதிலே வராமல் போவதுதான் அவர்களை அரசிடமிருந்து விலக்குகிறது.

மேலிருந்து கீழே ஒரு பயணம்

திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு வரும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து, மனு எழுதித் தருபவரிடம் பணம் கொடுத்து எழுதி வாங்கி, வரிசையில் நின்று ஆட்சியரிடமோ அவருக்கு அடுத்த அதிகாரியிடமோ மனுவை நீட்டுகிறார். கணினியில் பதிவாகி ஓர் எண் கிடைக்கிறது. அந்த மனு அங்கிருந்து கோட்டாட்சியருக்கு, அங்கிருந்து வட்டாட்சியருக்கு, பிறகு வருவாய் ஆய்வாளருக்கு, கடைசியில் கிராம நிர்வாக அலுவலருக்கு வந்து சேர்கிறது. பல சமயம் புகாரே அந்த வி.ஏ.ஓ. மீதுதான் இருக்கும். யார் மீது புகாரோ அவரிடமே அறிக்கை கேட்கும் ஏற்பாடு இது.

சில வாரங்கள் கழித்து, மனு முடித்துவைக்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வரும். என்ன முடிந்தது, எதனால் முடிந்தது என்பது அதில் இருக்காது. கணினிக் கணக்கில் நிலுவை ஒன்று குறைந்திருக்கும், அவ்வளவுதான். மனுதாரர் மறுபடி அடுத்த திங்கள்கிழமை வரிசைக்கு வருவார். ஒரே கோரிக்கைக்கு ஐந்தாறு ரசீது எண்களை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருப்பவர்களை எந்த ஆட்சியர் அலுவலக வளாகத்திலும் பார்க்கலாம்.

இதன் விளைவு வெறும் மனக்குறையோடு நிற்பதில்லை. பட்டாவில் இறந்துபோன தாத்தாவின் பெயரே நீடித்தால் பேரனுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்குவது கஷ்டம். மழையில் நெல் மூழ்கினால் இழப்பீடு யார் பெயருக்கு வரும் என்ற குழப்பம். வாரிசுச் சான்று தாமதமானால் வங்கியில் இருக்கும் அப்பாவின் பணத்தை எடுக்க முடியாது. அந்த இடைவெளியில்தான் புரோக்கர் நுழைகிறார். ரசாயனம் தடவிய நோட்டுடன் பிடிபட்ட அலுவலர் பற்றிய செய்தி இல்லாத வாரம் தமிழ் நாளிதழ்களில் அபூர்வம். கேட்டுக் கிடைக்காதது கொடுத்தால் கிடைக்கும் என்று மக்கள் பாடம் படித்துவிட்டால், அதற்குப் பிறகு எந்தத் திட்டத்தை அறிவித்தாலும் முதலில் வரும் கேள்வி, ‘இதுக்கு எவ்வளவு கேப்பாங்க?’ என்பதாகத்தான் இருக்கும்.

பதில் வராமை எதுவரை போகும் என்பதை 2017 அக்டோபர் 23 அன்று திருநெல்வேலி காட்டியது. கந்துவட்டிக் கொடுமை குறித்துப் பலமுறை மனு கொடுத்தும் பயனில்லை என்று, கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள் கொண்ட ஒரு குடும்பம் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் தீக்கு இரையானது. அதற்குப் பிறகு ஆட்சியர் அலுவலக வாசல்களில் சோதனை கடுமையானது. மனுவோடு வருபவரின் பையைத் திறந்து மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று போலீசார் பார்க்கிறார்கள். அந்தச் சோதனை தேவைதான், உயிர்களைக் காப்பாற்றியும் இருக்கிறது. ஆனாலும், பையைச் சோதிக்க ஆள் போட்ட வேகத்தில், பழைய மனு என்ன ஆனது என்று சோதிக்க ஆள் போடவில்லை.

ஆட்சிக்கு ஒரு பெயர்

மனு வாங்குவதில் தமிழ்நாட்டை ஆண்ட எவரும் குறைவைத்ததில்லை. 2016 ஜனவரியில் ஜெயலலிதா 1100 என்ற எண்ணில் ‘அம்மா அழைப்பு மையம்’ தொடங்கினார். அதே எண்ணில் 2021இல் எடப்பாடி பழனிசாமி முதலமைச்சர் உதவி மையம் தொடங்கினார். அந்தத் தேர்தலுக்கு முன் மு.க. ஸ்டாலின் ‘உங்கள் தொகுதியில் ஸ்டாலின்’ என்று ஊர் ஊராகப் போய் மனு வாங்கிப் பெட்டியில் பூட்டினார். ஆட்சிக்கு வந்தால் 100 நாளில் தீர்வு என்றார். வந்ததும் தனித்துறை அமைந்தது, பிறகு அது ‘முதல்வரின் முகவரி’ ஆனது. அடுத்து ‘மக்களுடன் முதல்வர்’, 2025 ஜூலையில் ‘உங்களுடன் ஸ்டாலின்’. கடைசித் திட்டத்தில் மட்டும் 10,000 முகாம்கள் திட்டமிடப்பட்டன. 45 நாளில் தீர்வு என்பது வாக்குறுதி.

இவற்றால் பலன் பெற்றவர்கள் லட்சக்கணக்கில் உண்டு என்பதை மறுப்பது நியாயமாகாது. முதியோர் உதவித்தொகை, சாதிச் சான்று, மின் இணைப்புப் பெயர் மாற்றம் போன்றவை முகாமிலேயே முடிந்த கதைகள் எல்லா மாவட்டத்திலும் இருக்கின்றன. இருந்தாலும் ஒரு சங்கடமான கேள்வி மிஞ்சுகிறது. தாலுகா ஆபீஸ் தினமும் செய்ய வேண்டிய வேலையைச் செய்திருந்தால், அதே வேலைக்குத் தலைவர் படம் போட்ட பந்தல் எதற்கு? சான்றிதழ் உரிமையாக வராமல் முகாமில் வரும்போது அது சலுகையாக மாறிவிடுகிறது. சலுகை கொடுத்தவருக்கு நன்றி கிடைக்கும். அலுவலகத்தின் மீது நம்பிக்கை வளராது.

பதில் சொல்ல அரசுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது சுமார் 1.06 கோடிப் பெண்களின் கணக்குக்கு மாதம் 1,000 ரூபாய் போனது. 50 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. நிராகரிக்கப்பட்டவர்களுக்குக் காரணம் குறுஞ்செய்தியில் வந்தது. 30 நாட்களுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்ற வழியும் சொல்லப்பட்டது. காரணம் சரியில்லை என்று சண்டை போட்டவர்கள் ஏராளம். சண்டை போடுவதற்கு ஒரு காரணமாவது கையில் இருந்தது. அத்தனை பெரிய எண்ணிக்கையில் அதைச் செய்ய முடிந்த அரசுக்கு, ஒரு பட்டா மனுவுக்கு நாலு வரி எழுதுவது பெரிய வேலை இல்லை.

அரசு ஆஸ்பத்திரியைத் திட்டித் தீர்ப்பவரும் விபத்து என்றால் யோசிக்காமல் 108க்குத்தான் போன் போடுகிறார். மறுமுனையில் ஒரு குரல் எடுக்கும், வண்டி வரும் என்று 2008 முதல் அவருக்கு அனுபவம் இருக்கிறது.

‘சி.பி.ஐ. விசாரிக்கணும்’

வருவாய்த் துறையில் பதில் வராமல் போனால் நஷ்டம் பணம், நேரம். காவல் துறையில் உயிர்.

மனுக்கள் மிதந்த அதே திருப்புவனம் வட்டாரத்தில், அதற்கு இரண்டு மாதம் முன்பு, மடப்புரம் பத்திரகாளியம்மன் கோயில் காவலாளி ஒருவர் நகைத் திருட்டுப் புகாரில் போலீஸ் தனிப்படையால் அழைத்துச் செல்லப்பட்டார். அவருக்கு வயது 27. அடித்ததில் இறந்தார். உடலில் 44 காயங்கள் இருந்ததைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சுட்டிக்காட்டியது. அடிப்பதை ஒருவர் ஜன்னல் வழியாகக் கைப்பேசியில் எடுத்திருந்தார். போலீசார் கைதானார்கள், முதலமைச்சர், இறந்தவரின் தாயாரிடம் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டார், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. அந்தக் காணொளி இல்லாமல் போயிருந்தால் இதில் எத்தனை நடந்திருக்கும் என்று ஊரில் கேட்டால், பதில் ஒரே மாதிரிதான் வரும்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்ததாகச் சொல்லிப் பிடிக்கப்பட்ட வியாபாரியும் மகனும் இறந்தபோது, விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் காவல் நிலையக் கேமராவின் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். பதிவைச் சேமிக்க இடம் தாராளமாக இருந்தது. ஒரு கட்டத்தில் அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் வைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. காவல் நிலையத்தைத் தாசில்தார் காவல் காத்தார் என்பதற்கு மேல் நம்பிக்கைச் சரிவைப் பற்றிப் புள்ளிவிவரம் தேவையில்லை.

இன்று தமிழ்நாட்டில் எந்தப் பெரிய சாவு நடந்தாலும் முதல் கோரிக்கை, மாநில போலீஸ் வேண்டாம், சி.பி.ஐ. வேண்டும் என்பது. ‘கூண்டுக்கிளி’ என்று 2013இல் உச்ச நீதிமன்றமே வர்ணித்த அமைப்பு அது என்பதும், கேட்பவர்களில் பலருக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கிறார்கள். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் விஜய் பிரச்சாரக் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். அன்றிரவே மாநில அரசு ஒருநபர் ஆணையம் அறிவித்தது. பதினாறு நாளில், அக்டோபர் 13 அன்று, உச்ச நீதிமன்றம் அந்த ஆணையத்தை நிறுத்திவைத்து, முன்னாள் நீதிபதி அஜய் ரஸ்தோகியின் மேற்பார்வையில் சி.பி.ஐ. விசாரிக்கட்டும் என்றது.

ஆணையம் என்ற ஏற்பாடு இப்படி மதிப்பிழந்ததற்குப் பழைய கணக்குகள் உண்டு. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாளில் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் போனவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மொத்தம் 13 பேர் இறந்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 2022 மே மாதம் அறிக்கை கொடுத்தது. காவல் துறையினர் 17 பேர் மீதும் அப்போதைய ஆட்சியர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அந்த அறிக்கை அக்டோபரில் சட்டமன்றத்துக்கும் வந்தது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள, உயிரிழந்தவர்களின் குடும்பங்கள் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கிறது.

கேள்வி கேட்கும் வழியும் குறுகுகிறது

பதில் வராதபோது கேட்டு வாங்க ஒரு சட்டம் இருந்தது. தகவல் அறியும் சட்டத்தை நாட்டிலேயே முதலில் 1997இல் நிறைவேற்றிய மாநிலம் தமிழ்நாடு. அதில் விதிவிலக்குகள்தான் அதிகம் என்பது வேறு விஷயம். ராஜஸ்தானில் கூலித் தொழிலாளர்கள் வருகைப் பதிவேட்டைக் காட்டு என்று கேட்டதில் சூடு பிடித்த இயக்கம்தான் 2005 அக்டோபரில் நாடு முழுவதற்குமான சட்டமாக நடைமுறைக்கு வந்தது. பத்து ரூபாய் கட்டண வில்லை ஒட்டி அனுப்பினால் 30 நாளில் பதில். தாமதித்தால் அதிகாரிக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம். ஏழைக்கும் அதிகாரிக்கும் இடையே பேச்சை மாற்றிய சட்டம் இது.

இன்று அதன் பற்கள் தேய்ந்துவிட்டன. 2019 திருத்தம், தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் மத்திய அரசின் கையில் கொடுத்தது. 2024 நடுப்பகுதியில் நாடு முழுவதும் ஆணையங்களில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மேல்முறையீடுகளும் புகார்களும் தேங்கிக் கிடந்தன. ஜார்க்கண்ட் ஆணையம் ஆணையர்களே இல்லாமல் 2020 முதல் ஆண்டுக்கணக்கில் முடங்கியிருந்தது. 2025 நவம்பரில், தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக, தனிப்பட்ட தகவல் என்று சொல்லி மறுப்பதற்கான பிரிவு மேலும் விரிவாக்கப்பட்டது. முன்பு அந்தப் பிரிவிலேயே, சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வாசகம் இருந்தது. அது இப்போது இல்லை. பயனாளிகள் பட்டியலில் இறந்தவர் பெயர் இருக்கிறதா என்று ஒருவர் கேட்டால், அது தனிப்பட்ட தகவல் என்று பதில் வர வாய்ப்பு கூடியிருக்கிறது.

மேல்மட்டத்திலும் இதே கதைதான். கட்சிகளுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதைத் தேர்தல் பத்திரம் ஆறு ஆண்டு மறைத்துவைத்தது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்த பிறகுதான், அதிகபட்சமாக 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியது கோயம்புத்தூரைச் சேர்ந்த ஒரு லாட்டரி நிறுவனம் என்று தமிழர்களுக்கே தெரிந்தது.

போகட்டும், பக்கத்தில் இருக்கும் ஊராட்சித் தலைவரையாவது கேட்கலாம் என்றால் அவரும் பாதி நாள் இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த ஊரக உள்ளாட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. அப்போது தேர்வானவர்களின் காலம் 28 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. அடுத்து வந்தது தேர்தல் இல்லை, தனி அலுவலர்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று வீட்டு வாசலில் நின்று சத்தம் போட முடிகிற ஒரே ஆட்சியாளர் ஊராட்சித் தலைவர்தான். தனி அலுவலர் வீட்டு வாசல் எங்கே என்று யாருக்குத் தெரியும்?

செலவில்லாத சில வேலைகள்

30 நாடுகளில் 2023இல் ஓ.இ.சி.டி. அமைப்பு நடத்திய ஆய்வில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. அரசு எடுக்கும் முடிவில் தங்கள் குரலுக்கு இடம் உண்டு என்று நினைப்பவர்களில் 69 சதவீதம் பேர் தேசிய அரசை நம்புகிறார்கள். இடமில்லை என்று நினைப்பவர்களில் 22 சதவீதம் பேரே நம்புகிறார்கள். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் திருப்புவனத்துக்காரருக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

மனு கொடுத்தால் மூன்று நாளில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு, முடியாவிட்டால் காரணத்தோடு எழுத்தில் பதில் என்று தமிழ்நாடு அரசே 2015 செப்டம்பரில் அரசாணை போட்டிருக்கிறது. மீறினால் என்ன ஆகும் என்பதுதான் அதில் இல்லை. அந்த ஓட்டையை அடைப்பது சேவை உரிமைச் சட்டம். மத்தியப் பிரதேசம் 2010இலேயே அதைக் கொண்டுவந்தது. அங்கே தாமதத்துக்கு அலுவலரிடமிருந்து நாளுக்கு 250 ரூபாய் வீதம் 5,000 ரூபாய் வரை அபராதம். கர்நாடகத்தின் ‘சகாலா’ திட்டத்தில் தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் விண்ணப்பதாரருக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500. தொகை சிறியதுதான். ஆனால் தாமதம் அலுவலரின் பெயரில் பதிவாகிறது, அதுதான் கடிக்கும். பிகாரும் கேரளமும் இந்த வழியில் போயிருக்கின்றன. தமிழ்நாட்டில் இது கட்சிகளின் கோரிக்கைப் பட்டியலிலும் தேர்தல் அறிக்கைகளிலுமே நெடுங்காலம் தங்கிவிட்டது. பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, கட்டட அனுமதி, குடிநீர் இணைப்பு ஆகிய நான்கில் தொடங்கினாலே பாதி வரிசை குறையும்.

அடுத்து, புகாருக்கு உள்ளான அலுவலரிடமே அறிக்கை கேட்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். அப்படிப்பட்ட மனுவைக் கணினி தானாக வேறு வட்டத்து அலுவலருக்கு அனுப்பும்படி செய்யலாம். முடித்துவைக்கும் அதிகாரம் மனுதாரரைத் தொலைபேசியில் கேட்ட பிறகே வர வேண்டும். 1100 எண்ணில் உட்கார்ந்திருப்பவர்கள் புதிய மனு பதிவதோடு இந்த வேலையையும் செய்யலாம். எந்தத் தாலுகாவில் எத்தனை மனு எந்தக் காரணத்தால் தள்ளப்பட்டது என்ற கணக்கு மாதந்தோறும் தாலுகா ஆபீஸ் வாசலில் ஒட்டப்பட்டால், நிருபர்களுக்கும் எதிர்க்கட்சிக்கும் நல்ல தீனி கிடைக்கும். ஆளுங்கட்சி அதற்குப் பயப்படக் கூடாது.

தகவல் ஆணையத்தில் காலியிடம் வருவதற்கு மூன்று மாதம் முன்பே தேர்வை முடிக்க வேண்டும். ஓய்வுபெற்ற அதிகாரிகளையே தேடிப் பிடிக்காமல் மற்றத் துறையினரையும் சேர்க்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2019இல் சொன்னதை மாநிலம் நடைமுறைப்படுத்தலாம். சட்டத்தின் நான்காவது பிரிவு, கேட்காமலே தகவலை வெளியிடச் சொல்கிறது. ஊராட்சிகளின் வரவு செலவும் ஒப்பந்தப் பணி விவரமும் ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் அச்சிட்ட தாளாகக் கையில் கிடைத்தால், விண்ணப்பமே பாதியாகக் குறையும். உள்ளாட்சித் தேர்தலை உரிய தேதிக்கு நடத்துவதற்கு எந்தப் புதுச் சட்டமும் வேண்டாம், அரசியல் சட்டம் ஏற்கெனவே ஐந்து ஆண்டு என்று சொல்லியிருக்கிறது.

காவல் நிலையங்களில் ஒலியுடன் பதிவாகும் கேமரா, 18 மாதம் வரை சேமிப்பு என்று 2020 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதைக் கண்காணிக்க மாவட்டக் குழுவும் சொன்னது. அந்தக் குழு மாதம் ஒரு முறை அறிவிக்காமல் போய் பதிவு ஓடுகிறதா என்று பார்த்து, ஓடாத நிலையங்களின் பெயரை வெளியிட வேண்டும். சீருடையில்லாத தனிப்படையினர் ஒருவரை அழைத்துப் போனால் எந்த நிலையத்துக்கு, யார், எத்தனை மணிக்கு என்பதை வீட்டாருக்கு எழுத்தில் கொடுத்துவிட்டே வண்டியில் ஏற்ற வேண்டும். கொடுக்காமல் ஏற்றினால் அந்தப் படையின் பொறுப்பு அதிகாரி அன்றைக்கே பதில் சொல்லும்படி உத்தரவு இருக்க வேண்டும். அந்த உத்தரவைப் போட ஆணையம் எதுவும் தேவையில்லை, காவல் துறைத் தலைவரின் கையெழுத்து போதும்.